மனையும் மரமும்

முப்பதுக்கு நாற்பது. பெங்களூரில் வாழும் நம்மவரிடம் இவ்விரண்டு எண்களைச் சொன்னால் போதும். மேலும் விளக்கம் வேண்டுவதில்லை. 30 அடி அகலமும் 40 அடி நீளமும் கொண்ட மனை, 1200 சதுர அடி. அதற்குள் வீடு, மாடிப்படி, வண்டி நிறுத்துமிடம், சம்ப் எனப்படும் தரையடி நீர்த்தொட்டி, கூடுமாயின் வாடகைக்கு விட ஓர் அறை ஆகிய அனைத்தும் அடங்க வேண்டும். இவையெல்லாம் அடங்கிய பின் மண்ணுக்கு இடம் எஞ்சுவது அரிது. எஞ்சிய சிறிதளவையும் சிமெண்டு பூசி மூடிவிட்டு, "வாயில் துப்புரவாக இருக்கிறது" என்று மனநிறைவு கொள்கிறோம்.

விவேக் நகரில் உள்ள எம் இல்லமும் நெடுங்காலம் அவ்வாறே இருந்தது. அதனை மாற்ற யாம் மேற்கொண்ட முயற்சியையும், அதில் செய்த பிழைகளையும், பெற்ற பாடங்களையும் சங்க அன்பர்களிடம் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். யாம் தோட்டக்கலை பயின்றோர் அல்லோம்; பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்து, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தர் பணி பார்ப்போர். ஆயினும் வளர்ந்துவரும் குடும்பம் ஒன்று தன் சிறு மனையில் எவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதைப் பட்டறிவால் ஓரளவு அறிந்துள்ளோம்.

நகர்ந்த நாற்காலி

எம் தந்தையார் 1978ஆம் ஆண்டில் திருப்பத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பெங்களூருக்கு வந்தார். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்க் கண்டோன்மென்ட் வரை 1864இல் இருப்புப்பாதை திறக்கப்பட்ட நாள்முதல், வட ஆர்க்காட்டு மக்கள் பல தலைமுறையாக வந்த வழி அது. அவர் அரும்பாடுபட்டு மனை வாங்கினார், வீடு கட்டினார். முன்புறம் 9 அடி, பின்புறம் 6 அடி, தெற்கே 3 அடி நடைவழி என மண்ணும் விட்டார். ஆனால் அம்மண்ணில் ஒரு மரமும் நடவில்லை. "ஓய்வு பெற்றதும் ஊருக்குத் திரும்பிவிடுவோம், இங்கு மரம் நட்டு யார் பார்ப்பது?" என்பார்.

1991 டிசம்பரில் காவிரிப் பூசல் இந்நகரில் கலவரமாய் மூண்டது. நம்மவர் பலர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எல்லை கடந்த நாட்கள் அவை. எம் குடும்பத்திற்குத் தீங்கொன்றும் நேரவில்லை. ஆயினும் அதன்பின் தந்தையார் மரத்தைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். அடுத்த ஆண்டில் முன்புறமும் பின்புறமும் சிமெண்டுத் தளமாயின.

அவர் ஊர் திரும்பவில்லை. பணி முடிந்த பின்னும் பிள்ளைகளின் படிப்பு, திருமணம், பேரக்குழந்தை என ஆண்டுகள் சென்றன. இறுதி ஈராண்டுகள் உடல் நலிந்து வாயிலிலேயே அமர்ந்திருந்தார். அத்தளத்தில் காலை 10 மணிக்கே வெக்கை எழும். மாடிமேல் இருந்த நீர்த்தொட்டியின் நிழல் மட்டும் ஒரு பாய் அகலத்திற்குத் தரையில் விழும். அந்நிழல் நகர நகர, அவரும் நாற்காலியைச் சிறிது சிறிதாக நகர்த்திக்கொண்டே இருப்பார். வீடு கட்டிய ஆண்டில் ஒரு கன்று நட்டிருந்தால் அன்று அதற்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் ஆகியிருக்கும். 2019இல் அவர் மறைந்தார்.

இதனைக் குறைகூறும் எண்ணத்தோடு எழுதவில்லை. குடிபெயர்ந்து வாழும் நம்மில் பெரும்பாலோர் மனம் இத்தகையதே. ஊர் ஒன்று, இருப்பிடம் ஒன்று எனப் பிரித்து வைத்துக்கொண்டு, இருப்பிடத்தில் செய்ய வேண்டியதை ஊருக்கென ஒத்திப்போடுகிறோம். ஆனால் நிழல் அவ்வாறு காத்திராது. நிழல் தேவைப்படும் நாளில் கன்று நட்டால் அன்று நிழல் கிடைக்குமோ? பத்தாண்டுகளுக்கு முன்னர் நட்டிருக்க வேண்டும். இதுவே யாம் கற்ற முதற்பாடம்: தோட்டத்தை இன்றைய குடும்பத்திற்காக மட்டும் அமைத்தல் கூடாது, வரப்போகும் குடும்பத்திற்காகவும் அமைத்தல் வேண்டும்.

வந்தவர் நட்ட நகரம்

'நம் ஊர் அன்று' என்னும் எண்ணம் எம்மையும் பற்றியிருந்தது. அதனை அகற்றியது இந்நகரத்தின் வரலாறே.

லால்பாகு தோட்டத்தை 1760இல் ஐதர் அலி தொடங்கினார். திப்பு சுல்தான் வளர்த்தார். 1856இல் அது அரசின் தாவரவியல் தோட்டமாயிற்று. இந்நகரத்தின் பழைய தோட்டங்களில் உழைத்தோருள் முதன்மையானோர் திகளர் என்னும் மக்கள். அவர்தம் முன்னோர் தமிழகத்திலிருந்து வந்தோர் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவு நாளில் தருமராயர் கோயிலினின்று புறப்படும் கரகம் அவர்தம் விழாவே. இன்று அதனைப் பெங்களூரின் பெருவிழா என்று அனைவரும் போற்றுகின்றனர்.

மற்றொருவர் கிரும்பிகல். செருமனி நாட்டில் டிரெசுடன் நகரின் அருகே 1865இல் பிறந்து, இலண்டன் கியூ தோட்டத்தில் பயின்று, பரோடா அரசில் பணியாற்றி, 1908இல் பெங்களூருக்கு வந்தார். ஓராண்டின் எம்மாதத்திலும் நகரில் ஏதேனும் ஒரு மரம் பூத்திருத்தல் வேண்டும் எனத் திட்டமிட்டுச் சாலைகளுக்கு மரம் தேர்ந்தவர் அவர். ஒன்று உதிரும்போது மற்றொன்று மலரும். 1956இல் இந்நகரிலேயே மறைந்தார். எம் பகுதிக்கு அணித்தே ஓசூர்ச் சாலையில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார். லால்பாகின் அருகே ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் காலத்தில் பரவிய மரங்களும் வெளியிலிருந்து வந்தவையே. செங்கொன்றை போலச் சிவந்து பூக்கும் குல்மொகர் மடகாசுகரிலிருந்து வந்தது. ஊதாப்பூச் சொரியும் சகரண்டாவும் பெருநிழல் தரும் தூங்குமூஞ்சி மரமும் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தவை. நம் கொல்லையில் வளரும் கொய்யாவும் பப்பாளியும் சப்போட்டாவும் மிளகாயும் அங்கிருந்து வந்தவையே. இவற்றை வந்தேறிகள் என்று எவரும் இன்று சொல்வதில்லை. வேர்விட்டு நிழலும் கனியும் தரும் மரத்தை மண் தன்னதாகவே கொள்கிறது.

வெறும் நிலத்தின் பயன்

2021இல் எமக்கு ஒரு சோதனை நேர்ந்தது. முன்புற 9 அடியில் ஓர் அறை எழுப்பினால் மாதம் 8,000 ரூபாய் வாடகை வரும் என உறவினர் ஒருவர் கணக்கிட்டுக் காட்டினார். மகளுக்குப் பள்ளிக் கட்டணம். வீட்டில் மறுகுழந்தை பிறக்கவிருந்த காலம். எழுத்தர் சம்பளத்தில் 8,000 ரூபாய் சிறு தொகையன்று. கொத்தனாரையும் அழைத்துவிட்டோம்.

அன்று மாலை எம் அன்னையார், "அறை கட்டுவது உங்கள் விருப்பம். ஆனால் வீட்டில் ஒரு நல்லது கெட்டது என்றால் நாலு பேர் எங்கே உட்காருவார்கள்?" என்று கேட்டார். தந்தையார் மறைந்த நாளில் அக்குறுகிய வாயிலில்தான் அத்தெருவே அமர்ந்திருந்தது. எம் தங்கையின் மணப்பந்தலும் அங்கேதான் போடப்பட்டது. அன்னையாரின் வினாவிற்கு எம்மிடம் விடை இல்லை.

நம் முன்னோர் கட்டிய வீட்டை எண்ணிப் பாருங்கள். வாயில், திண்ணை, முற்றம், கிணற்றடி, கொல்லை என ஐந்து இடங்கள் வைத்தனர். அவற்றுள் வாயிலும் முற்றமும் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கும். அவ்வெறுமை வீண் அன்று. நெல் காயும், வடாம் உலரும், பிள்ளைகள் பாண்டி ஆடுவர், பந்தல் எழும். குடும்பம் எவ்வாறு மாறினும் அதற்கேற்ப மாறித்தர வல்லது வெறும் நிலமே. கட்டிய அறை ஒரே தொழிலைத்தான் செய்யும்.

வாடகை அறை கைவிடப்பட்டது. 2022 சனவரியில் அதே கொத்தனாரைக் கொண்டு சிமெண்டுத் தளத்தை உடைத்தோம். முப்பது ஆண்டுகளுக்குப் பின் செம்மண் வெளிப்பட்டது. அது கல்போல் இறுகியிருந்தது. கொத்திக் கிளறி, மட்கிய சாணமும் இலைமட்கும் கலந்து, ஒரு கோடை முழுதும் மூடாக்கு இட்டு வைத்த பின்னரே மண்புழு தலைகாட்டியது.

இழந்த 8,000 ரூபாயை இன்றும் சில மாதங்களில் எண்ணிப் பார்ப்பதுண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று. ஆயினும் மீண்டும் கேட்டால் அதே விடையைத்தான் சொல்வோம்.

நடுமுன் நோக்குக

தோட்டம் போடத் துணிவோர் முதல் நாளே கன்று வாங்க ஓடுதல் கூடாது. ஒரு தாளில் மனையை வரைந்து, காலை 8 மணி, நண்பகல், மாலை 4 மணி ஆகிய மூவேளைகளிலும் வெயில் எங்கு விழுகிறது எனக் குறித்தல் வேண்டும். இதனை மார்கழியில் ஒருமுறையும் ஆனியில் ஒருமுறையும் செய்தல் நன்று. மார்கழியில் கதிரவன் தெற்கே சாய்ந்து செல்வதால் வடபுறம் நிழலாகும். ஆனியில் நம் நகருக்குச் சற்று வடக்கே செல்வதால் வடபுறத்திற்கும் வெயில் வரும். அதுபோலவே ஒரு பெருமழை நாளில் குடை பிடித்து நின்று, நீர் எங்குத் தேங்குகிறது, எவ்வழி ஓடுகிறது எனக் கண்டு குறித்தல் வேண்டும்.

எம் வீடு கிழக்கு நோக்கியது. முன்புறம் காலை வெயில் நன்கு விழும். காய்கறிக்கும் கீரைக்கும் அதுவே ஏற்ற இடம். தெற்கு நடைவழி இரு வீட்டுச் சுவர்களுக்கிடையே நாள் முழுதும் நிழலாகக் கிடக்கும். அங்கு வெற்றிலைக் கொடியும் புதினாவும் வளர்கின்றன. மேற்குப் பின்புறம் மாலை வெயிலால் சமையலறைச் சுவர் சுடும். அங்கு உயரமான மரமும் வாழையும் வேண்டும்.

மூன்று பருவம்

குடும்பத்தின் தேவை மூன்று பருவமாக வரும். ஒரே வீட்டில் மூன்றும் ஒருங்கே இருப்பதும் உண்டு. எம் வீட்டில் அன்னையாருக்கு 68 வயது, மகளுக்கு 9, மகனுக்கு 3.

முதலாவது குழந்தைப் பருவம். தாய் சமையலறையிலோ கூடத்திலோ நின்றவாறே குழந்தையைக் காணும்படி விளையாடும் இடம் அமைதல் வேண்டும். தொட்டிகளின் மூடி பூட்டக்கூடியதாக இருத்தல் வேண்டும். அரளி அழகியதே, ஆயினும் அதன் இலை, பூ, விதை அனைத்தும் நஞ்சு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு. அழகுக்காகத் தொட்டியில் வளர்க்கும் டீபன்பாக்கியாவின் இலையைக் கடித்தால் வாயும் நாவும் வீங்கும். இவற்றைக் குழந்தை உள்ள வீட்டில் வைத்தல் தகாது. பூந்தொட்டித் தட்டுகளில் தேங்கும் தெளிந்த நீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும். ஆதலின் வாரம் ஒருமுறையேனும் அவற்றைக் கவிழ்த்துத் தேய்த்து உலர்த்துதல் கடமை.

இரண்டாவது பள்ளிப் பருவம். பிள்ளைக்கெனத் தனிப்பாத்தி ஒன்று ஒதுக்குக. 4 அடிக்கு 3 அடி போதும். முதலில் விரைவில் பயன்தருவனவற்றையே கொடுக்க வேண்டும். முளைக்கீரை ஒரு மாதத்திற்குள் பறிக்கலாம். வெந்தயக்கீரை அதற்கும் முன்னரே. முள்ளங்கி ஒன்றரை மாதத்தில். ஆறு மாதம் காத்திருக்கச் சொன்னால் குழந்தையின் ஆர்வம் பட்டுப்போகும். எம் மகள் முதலில் அறுத்த கீரைக்கட்டைப் பக்கத்து வீட்டுக் கன்னட அம்மையாருக்குக் கொடுத்தாள். அவர் அவரை விதை ஒரு பிடி கொடுத்தனுப்பினார். மார்கழியில் காய்க்கும் அவ்வவரையின் மணத்தை இந்நகரத்தார் எத்துணை விரும்புவர் என்பதை அன்பர்கள் அறிவர்.

மூன்றாவது முதுமைப் பருவம். நாம் அதிகம் மறப்பது இதனையே. வாயிலிலிருந்து தோட்டம்வரை படி இன்றிச் செல்லும் 3 அடி அகலப் பாதை வேண்டும். கைத்தாங்கலாக இருவர் நடக்க அது உதவும். வழவழப்பான ஓடுகளும் மெருகேற்றிய கடப்பைக் கல்லும் மழையில் வழுக்கும். சொரசொரப்பாகக் கொத்திய கருங்கல் பலகையே ஏற்றது. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் முதுகுச் சாய்வோடு கல்லிருக்கை ஒன்று வேண்டும். பாத்தி ஒன்றைச் செங்கல் அடுக்கி இரண்டடி உயர்த்திக் கட்டினால், முதியோர் இருக்கையில் அமர்ந்தபடியே களை எடுப்பர். எம் அன்னையார் மாடியேறி மிளகாய் காயவைக்க இயலாது வருந்தினார். இப்போது வெயில் விழும் கற்பலகை மீது காயவைத்து, அருகிருந்தே காகம் ஓட்டுகிறார். இதனைச் சிறு மாற்றம் என்பர் சிலர். தம் வேலையைத் தாமே செய்ய முடிகிறது என்பது முதியோர்க்குச் சிறிதன்று.

ஒரு பருவம் முடிந்ததும் அவ்விடத்தை மறு பருவத்திற்குக் கொடுத்தல் வேண்டும். இன்று மகன் மணல் அளையும் இடம், ஐந்தாண்டுகளில் மிதிவண்டி நிற்கும் இடமாகலாம். பின்னொரு நாள் பந்தற்கால் நடும் இடமாகலாம். ஆதலின் நடுப்பகுதியில் நிலையாக எதையும் கட்டாதீர். நிலையானவை யாவும் ஓரங்களில் அமைக.

எம் பிழைகள்

இரண்டு பிழைகளைச் சொல்லியாக வேண்டும்.

முதற்பிழை முருங்கை. ஓராண்டிற்குள் நிழல் வேண்டும் என்னும் அவசரத்தில் முன்புறத்தில் குழந்தை விளையாடும் இடத்தருகே முருங்கைக் கொம்பை ஊன்றினோம். மரம் மளமளவென வளர்ந்தது. மழைக்காலத்தில் அடிமரத்தில் கம்பளிப்பூச்சிகள் கூட்டமாய்ப் படிந்தன. மகனின் உடலெங்கும் தடிப்பு எழுந்து இரு நாட்கள் உறங்காது அழுதான். அதனை வெட்டிவிட்டு, பின்புற வடமேற்கு மூலையில், துணிக்கொடிக்கும் விளையாட்டிடத்திற்கும் எட்டாதவாறு புதிய கொம்பு நட்டோம். முருங்கைக் கிளை எளிதில் முறியும். ஆண்டுதோறும் காய்ப்பு முடிந்ததும் மார்பளவிற்குத் தறித்துவிடல் வேண்டும்.

இரண்டாம் பிழை புல்தரை. படங்களில் காணும் பச்சைக் கம்பளம் போன்ற புல்லை 2023இல் விலைகொடுத்து வாங்கிப் பரப்பினோம். 2024 கோடையில் நகரெங்கும் நீர்த் தட்டுப்பாடு நேர்ந்தது. குடிநீரைத் தோட்டத்திற்கும் வண்டி கழுவவும் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் தண்டம் என அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் குடிநீர் வாரியம் ஆணையிட்டது. மூன்று வாரங்களில் புல் காய்ந்து சருகாயிற்று. அதே கோடையில் வாழையும் கறிவேப்பிலையும் வாடவில்லை. அவை பாத்திரம் அலம்பிய நீரில் வளர்வன. நம் பாட்டிமார் கிணற்றடியில் வாழை வைத்ததன் பொருள் அன்று விளங்கிற்று. இப்போது அவ்விடம் வெறும் செம்மண் தரையே. பிள்ளைகள் அதனையே மிகுதியும் விரும்புகின்றனர்.

கூரை தரும் நீர்

பெங்களூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 970 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். எம் வீட்டுக் கூரை 675 சதுர அடி. அஃதாவது ஏறத்தாழ 63 சதுர மீட்டர். ஆகவே ஓராண்டில் எம் கூரைமீது விழுவது ஏறத்தாழ 60,000 லிட்டர். நகர்ப்புறத்தில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என அரசு கணக்கிடுகிறது. ஐவர் வாழும் எம் குடும்பத்திற்கு 675 லிட்டர். கூரைநீர் முழுதும் தேங்குவதில்லை. கழிவு போக எஞ்சுவதே பயன்படும். முழுதும் கிடைப்பதாகக் கொண்டால் அஃது ஏறத்தாழ 90 நாள் தேவைக்கு ஈடாகும்.

இவ்வளவு நீரையும் சாக்கடையில் விட்டுவிட்டு, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து அரைக் கிலோமீட்டர் உயரம் ஏற்றிக் கொணரும் காவிரி நீரைச் செடிக்கு ஊற்றுவது முறையாகுமா? தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதை நம்மவர் அறிவர். இங்கும் 2009இல் வந்த சட்டத்திருத்தம் முப்பதுக்கு நாற்பது மனையில் எழும் புது வீடுகளுக்கும் அதனைக் கட்டாயமாக்கியது. எம்முடையது பழைய வீடு. சட்டம் எம்மை வற்புறுத்தவில்லை. எனினும் கூரைக்குழாய் ஒன்றை வடிகட்டி வழியாக இரு பீப்பாய்களுக்கும், மிகுதி நீரை 3 அடி குறுக்களவும் 15 அடி ஆழமும் கொண்ட உறிஞ்சு கிணற்றுக்கும் செலுத்தியுள்ளோம். கிணற்றின் மேல் கனத்த காங்கிரீட்டு மூடி உண்டு. முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து சேமித்தல் வழக்கம்.

எதை நடுவது?

விரைந்து வளர்வதையும் மெல்ல வளர்வதையும் ஒருசேர நடுக. இதுவே எம் இரண்டாம் பாடம். கல்லிருக்கையின் மேல் மூங்கில் பந்தலிட்டு அவரையும் பாகலும் ஏற்றினோம். இரண்டு மாதங்களில் நிழல் வந்தது. அருகிலேயே சப்போட்டா ஒட்டுக்கன்று ஒன்றை, வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே நாலரை அடி விட்டு நட்டோம். அது மெல்ல வளரும், கவாத்து செய்து அளவில் வைக்கலாம், பல்லாண்டு காய்க்கும். மரம் பந்தலுயரம் எட்டும் நாளில் பந்தல் தேவைப்படாது.

சிறு மனையில் ஆலும் அரசும் அத்தியும் ஆகா. அவற்றின் வேர் சுவரைப் பிளக்கும். தென்னைக்குக் கன்றுக்குக் கன்று 25 அடி இடைவெளி வேண்டும். குழந்தைகள் நடமாடும் இடத்தில் தேங்காயும் மட்டையும் விழுதல் இடர். கறிவேப்பிலை, மாதுளை, ஒட்டுக் கொய்யா, பப்பாளி, பவழமல்லி ஆகியவை சிறு மனைக்கு ஏற்றவை. எலுமிச்சைக்கு முள் உண்டு, பாதையோரம் வையாதீர். கன்றுகளை நல்ல நாற்றங்காலில் வாங்குக. குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி லால்பாகில் நிகழும் மலர்க்காட்சிக்குச் செல்வோர், பூவை மட்டும் பார்த்துத் திரும்பாமல், கன்று ஒன்றும் வாங்கி வருதல் நன்று.

கிரும்பிகல் நகருக்குச் செய்ததை நாம் வீட்டளவில் செய்யலாம். பன்னிரு மாதங்களையும் ஒரு தாளில் எழுதி, எம்மாதத்தில் எது பறிக்கக் கிடைக்கும் எனக் குறித்துப் பாருங்கள். வெற்றிடமான மாதத்திற்கு ஒரு செடி தேடுங்கள். இரயில் கால அட்டவணையோடு பழகிய எமக்கு இப்பணி மிகவும் உகந்ததாக இருந்தது.

வாடகை வீட்டில் வாழ்வோர்க்கு

'மனை உள்ளோர்க்கு இவை பொருந்தும். ஆண்டுக்கொரு வீடு மாறும் எமக்கு என்?' என்று அன்பர் பலர் கேட்கக்கூடும். எமக்கும் பணியிட மாற்றம் என்றேனும் வரலாம். தோட்டம் இடம்பெயரக் கூடியதாகவும் அமையலாம். பழைய பீப்பாயை இரண்டாக அறுத்து, அடியில் துளையிட்டு, செம்மண், மட்கு, தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பினால், கறிவேப்பிலை பல்லாண்டு அதிலேயே வாழும். வீடு மாறும்போது வண்டியில் ஏற்றிச் செல்லலாம். சமையலறைக் கழிவைத் துளையிட்ட மண்பானையில் இட்டு, உலர்ந்த இலை தூவி மூடிவைத்தால், ஓரிரு திங்களில் எருவாகும். மொட்டைமாடியில் வைப்போர் உரிமையாளரின் இசைவு பெற்று, பளுவைச் சுவரோரமாகப் பகிர்ந்து வைத்தல் வேண்டும்.

தரையில் நட இயன்றோர், தாம் வெளியேறினும், நட்டுவிட்டே செல்க. நாம் உண்ணாத கனியை நமக்குப்பின் வரும் குடியினர் உண்பர். இந்நகரச் சாலைகளில் நாம் நடக்கும் நிழலும் நாம் நட்டதன்று.

எம் சப்போட்டா இவ்வாண்டு முதன்முறையாகப் பூத்தது. பதினொரு பிஞ்சுகளுள் எஞ்சியவை நான்கு. அவரைப் பந்தலின் நிழல் மதிலுக்கு அப்பாலும் சிறிது விழுகிறது. வியாழக்கிழமைகளில் குழந்தை இயேசு ஆலயத்திற்குச் செல்லும் முதியோர் சிலர் அந்நிழலில் நின்று இளைப்பாறிச் செல்கின்றனர். எம் அன்னையார் பந்தலின்கீழ்க் கல்லிருக்கையில் அமர்ந்து கீரை ஆய்கிறார். தந்தையாரின் பழைய நாற்காலியும் அவ்விடத்திலேயே உள்ளது. இப்போது அதனை எவரும் நகர்த்துவதில்லை.

அன்பர்களே, ஊருக்குத் திரும்பும் நாள் வருமாயின் வருக. அதுவரை இருக்கும் இடத்தில் ஒரு மரமேனும் நடுவோம்.